எல்லாருக்கும் விழுந்த பரிசு

அந்த மெயில் பணம் கேட்கவில்லை. விஜயராணிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பரிசு விழுந்திருக்கிறது என்று புளுகுகிற மெயில்கள் அவளுக்கு அத்துப்படி. பண்ணைக்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், பட்டா என்று எதற்கு மனுப் போட வந்தாலும், இங்கே முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தமாக மெயில் கிடையாது. மனுவில் மெயில் கேட்கிற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தன் கடை மெயிலைப் போட்டுவிடுவாள். இப்படியே மலையில் பாதிப் பேருக்கு அவள்தான் விலாசம் என்றாகிவிட்டது. அதை எவனோ எங்கோ விற்றுத் தின்றிருக்க வேண்டும். தோட்டக் கூலி பிச்சையாவுக்கு லண்டன் லாட்டரி விழும். கண் தெரியாத கிழவிக்குக் கார் விழும். செத்துப்போனவர்களையும் விடமாட்டார்கள். 'அன்புள்ள அதிர்ஷ்டசாலியே' என்கிற அந்தக் குழைவைப் படிக்கும்போதே யாரோ எச்சில் கையால் கன்னத்தைத் தடவுகிற மாதிரி இருக்கும். காலையில் கடை திறந்ததும் அவளுக்கு முதல் வேலை அதையெல்லாம் அழிப்பதுதான்.

இது வேறு மாதிரி. பிச்சையா பேருக்கு வந்திருந்தது. லட்சம், கோடி என்று அளக்கவில்லை. பேங்க் நம்பர் கேட்கவில்லை. 'உங்களுக்கு ஒரு பரிசு விழுந்திருக்கிறது. கொண்டுவருகிறோம். வீட்டில் இருப்பீர்களா?' அவ்வளவுதான். அழித்தாள். அடுத்தது, பக்கத்து மளிகைக் கடை நசுருதீன் பேருக்கு. அதையும் அழித்தாள். அதற்கடுத்தது அருள்தாஸ் பேருக்கு.

அருள்தாஸ் அவள் புருஷன். ஜீப் ஓட்டியவன். வடகவுஞ்சி வளைவில் வண்டி கவிழ்ந்ததிலிருந்து இடுப்பிலும் காலிலும் தகடு வைத்துக் கட்டிலோடு கிடக்கிறான். பகல் முழுக்க வீட்டில் அவன் மட்டும்தான். தண்ணீர் வேண்டுமென்றால் குரல் கொடுக்கட்டும், அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று கதவைச் சாத்தாமல்தான் அவள் கடைக்கு வருவாள். அவன் பேருக்கு வந்ததில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'எழுந்து வர வேண்டாம். கதவு திறந்துதானே இருக்கிறது?'

அதை இரண்டு தடவை படித்தாள். அடுத்த நொடி அருவருப்பு பொங்கிக்கொண்டு வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனிடம் கூடவா வருவான்கள்? இந்த மாதிரி மெயிலுக்குப் பதில் போடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் அவள். அன்றைக்குப் பொறுக்கவில்லை. 'மானங்கெட்ட நாய்களே, உங்கள் பரிசை நீங்களே தின்று தொலையுங்கள்' என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. 'பதிலுக்கு நன்றி. இந்த விலாசத்தில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம்.'

அதோடு அந்த மெயில்கள் நின்றுபோயின. நல்ல உதை கொடுத்தோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

நாற்றம்தான் முதலில் வந்தது, மறுநாள் காலையில். காப்பிப் பழம் பறிக்கிற காலம். உரித்துப் போட்ட தோல் தோட்டங்களில் குவிந்து புளித்து நாறும், அது வருஷா வருஷம் பழகியதுதான் என்று மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டாள். ஆனால் இந்தப் புளிப்புக்கு அடியில் இன்னொன்று இருந்தது, பால் குடித்த பிள்ளை கக்கிய துணியை வெயில் காட்டாமல் மூட்டை கட்டி வைத்தால் வருகிற ஒரு வெதுவெதுப்பான வாடை, பனியோடு சேர்ந்து தெருவில் இறங்கி, கீபோர்டின் இடுக்குகளிலும் டீ டம்ளரின் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டு, சோற்றை வாயில் வைத்தால் நாக்கிலும் ஏறியது. யாரைக் கேட்டாலும் தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

மதியம் பிச்சையா கடைக்கு வந்தார். மனுப் போட வரவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றார். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்.

"வந்துருச்சு தாயி. எல்லாம் ஒன் புண்ணியம்."

என்ன வந்தது என்று கேட்டாள். அவர் சிரித்தார். கையில் என்ன காயம் என்று கேட்டாள். காயமே இல்லை என்றார். பேசிக்கொண்டே துண்டுக் கையை மேஜைமேல் வைத்து எடுத்தார். வைத்த இடத்தில் சளி மாதிரி ஒரு ஈரம். அதில் மெல்லிய வெள்ளை முடிகள் ஒட்டிக் கிடந்தன. அவர் போனதும் பழைய பேப்பரால் வழித்தாள். வழிக்க வழிக்க நூலாக இழுத்தது. பேப்பரை எறிந்துவிட்டு, பினாயிலை அப்படியே கொட்டினாள்.

பினாயில் போதவில்லை. இன்னொரு பாட்டில் வாங்க நசுருதீன் கடைக்குப் போனாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வியாபார நேரத்தில் அவர் ஷட்டரைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தாள். அரிசி மூட்டைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது. மடியில் எதையோ வைத்துத் தாலாட்டுகிற மாதிரி உடம்பு மெதுவாக ஆடியது. ஒரு சத்தம் வந்தது. கன்றுக்குட்டி மடி முட்டிக் குடிக்கிற சத்தம்.

"பாய்?"

அவர் திரும்பவில்லை. "தங்கச்சியா? இன்னும் வீட்டுக்குப் போகலயா நீங்க?"

"என்ன பாய் அது? யாரு கொண்டாந்தா?"

"யாருன்னு பாக்கல தங்கச்சி. ஒங்க வீட்டுக்கும் இப்பத்தான் கொண்டு போனாங்க."

அவள் ஓடினாள். கடையைப் பூட்டவில்லை. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது.

மாலை ஆவதற்குள்ளேயே பனி தெருவை மூடியிருந்தது. வாழைத் தோப்பை ஒட்டிய பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். இந்த நேரத்துக்கு எந்த வீட்டிலாவது டிவி கத்தும். குழந்தை அழும். இன்றைக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஒவ்வொரு இருட்டுக்குள்ளிருந்தும் அதே சத்தம். முட்டி முட்டிக் குடிக்கிற சத்தம். இத்தனை வீடு. இத்தனை பேருக்கும் அவள் மெயிலைத்தான் விலாசமாகப் போட்டிருந்தாள். அவள்தான் பதில் அனுப்பினாள்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் வந்திருக்கக் கூடாது. மாதாவே, அவருக்கு மட்டும்.

வீட்டு வாசலில் ஈரக் கோடு. உள்ளே போயிருந்தது.

அருள்தாஸ் கட்டிலில் இல்லை. தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தூக்கி உட்காரவைத்தாலே துடிக்கிறவன். மடியில் ஈரச் சாக்கு. சாக்கின்மேல் அது.

தோலுரித்த பலாப்பழம் மாதிரி இருந்தது. வெளுப்பு. சளி. உடம்பெல்லாம் பூனை முடி. உப்பியது, அடங்கியது. மேல்பக்கம் ஒரு வாய். உதடில்லை, பல்லில்லை. அதற்குள் அவன் வலது கை, முழங்கைவரை.

"வந்துட்டியா புள்ள." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் விபத்துக்கு அப்புறம் பார்த்ததே இல்லை. "கைய விட்டதும் வலி பூராம் போயிருச்சு. காலு இருக்கதே தெரியல."

"வெளிய எடுங்க."

"செத்த நேரம் இருக்கட்டும்."

தோளைப் பிடித்து இழுத்தாள். வந்தது. லேசாக வந்தது. கொழகொழவென்று ஒரு சத்தம். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தமில்லை. புண் இல்லை. பச்சைப்பிள்ளைக் கன்னத்தின் நிறத்தில் வழவழவென்று மூடியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பதறவில்லை. திரும்ப உள்ளே விட்டுக்கொண்டான்.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அழுகை வந்தது. அதுவும் குமட்டலாகவே வந்தது.

"ஒனக்கு வந்தது கட்டில்ல கெடக்கு," என்றான். "குளிருமேன்னு போத்தி வச்சிருக்கேன்."

கட்டிலில் அவள் போர்வை. போர்வைக்கு அடியில் ஒரு மேடு. மூச்சு விட்டது.

ஓட வேண்டும். அவனையும் தூக்கிக்கொண்டு. அவனைத் தூக்கக் குனிந்து, கட்டில் விளிம்பில் கை ஊன்றினாள். போர்வை ஓரம் அசைந்தது. விரல் நுனிகள் வந்தன. சளி வழிய, ஒவ்வொன்றாக. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு. மணிக்கட்டில், ரேடியேட்டர் வெந்நீர் கொட்டிய பழைய தழும்பு.

அருள்தாஸின் வலது கை.

சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. மெத்தையைத் தடவித் தடவி வந்து அவள் கையைக் கண்டுபிடித்தது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் அவன் எப்போதும் பிடிக்கிற அதே பிடி. விரலோடு விரல் கோத்துக்கொண்டது.

மெதுவாக, போர்வைக்குள் இழுத்தது.