ஓட்டத்தை எதிர்த்து வந்தது

அவள் படித்துறையில் இறங்கியபோது மூடுபனி விலகவில்லை. படகோட்டி துடுப்போடு காத்திருந்தார். ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது. சேறும் இலையும் ஊறிய வாசனை. அதற்கடியில் வேறொன்று.

ஆற்றடியில் கட்டைவிரல் பருமனுள்ள சென்சார்களை வரிசையாகப் பதிப்பதுதான் அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் வேலை. தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு என்று அவை கைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயல் உரம் கரைந்து வந்தால் ஆற்றின் மேல்பக்கம் உள்ளது முதலில் எகிறும், பிறகு ஒவ்வொன்றாகக் கீழே. போன வெள்ளத்தில் ஆழமான மடுவில் இருந்த சென்சாரைச் சரிசெய்யப் போன அண்ணன் திரும்பவில்லை. தேடியவர்களும் அலுத்துப்போய்க் கைவிட்டுவிட்டார்கள்.

இப்போது அந்த மடுச் சென்சாரில் மட்டும் அளவு ஏறிக்கொண்டே போனது. அங்கே ஏதாவது அழுகினால் கீழே உள்ளதிலும் தெரிய வேண்டும். தெரியவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவள் விரும்பவில்லை. அண்ணன் உடம்பு கிடைத்தால் போதும்.

படகோட்டி மடுவருகே துடுப்பை நிறுத்தினார்.

"மடு அதுவா விட்டா எடுத்துக்கலாம்மா. நாம இழுக்கக் கூடாது."

"எங்கம்மா தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அவர் கொக்கியை இறக்கினார்.

கொக்கி மாட்டிய இடத்தில், தண்ணீருக்கடியில் அண்ணன் சேற்றில் நின்றுகொண்டிருந்தான்.

இருவரும் இழுத்தார்கள். அடியிலிருந்தும் ஏதோ இழுத்தது. வேராக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வேர் பிடிக்கும், இழுக்காது என்பது அவளுக்கும் தெரியும். சட்டென்று பிடி தளர்ந்தது. படகோட்டியின் முகம் அப்போதுதான் வெளிறியது.

"ரொம்பச் சுலபமா விட்டுடுச்சு," என்று முணுமுணுத்தார்.

அன்றே அடக்கம் முடிந்தது. சாயங்காலம் உறவினர்கள் கலைந்த பிறகு, வாசலில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தாள். மடுவில் அளவு இறங்கி, தண்ணீர் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மடுவுக்கு மேலே இருந்த சென்சார் எகிறியிருந்தது. உரமாக இருக்கும் என்று நினைத்தாள். அது இறங்கியது.

அதற்கு மேலே உள்ளது ஏறியது.

பிறகு அதற்கும் மேலே.

உரம் ஓட்டத்தோடு போகும். இது ஓட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தது வீட்டுக்குப் பின்னால், கொல்லைப் படியில் பதித்த சென்சார்.

வீட்டுக்குள் அம்மா இல்லை.

கடைசிப் படியில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, அம்மா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. காலையில் கையில் உணர்ந்த அதே கனம், அதே எதிர் இழுப்பு.

"விடும்மா. எழுந்திரு."

"நான் எங்கடி பிடிச்சிருக்கேன்? அவன்தான் விட மாட்டேங்கறான்."

படியில் பாதத்தை உதைத்து, உயிரைக் கொடுத்து இழுத்தாள். காலையில் நடந்ததுபோலவே சட்டென்று விட்டது. அம்மாவை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அம்மாவின் கணுக்காலில் தோல் வழன்றிருந்தது. அவளோ நிம்மதியாக இருந்தாள்.

"குளிருதாம். எத்தனை நாள் வெளியிலேயே நிப்பான், பாவம். உள்ள வாடான்னு சொல்லிட்டேன்."

மகள் கைபேசியைத் தடவினாள். கொல்லைப் படியில் அளவு இறங்கியிருந்தது. மேலே உள்ளது ஏறவில்லை. கீழேயும் இல்லை. ஆறு முழுக்கச் சுத்தமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு ஆற்றிலிருந்துதான் தண்ணீர் குழாயில் வருகிறது.

மூடியிருந்த சமையலறைக் குழாய் ஒருமுறை இருமியது.

அம்மா எழுந்து, கொடியிலிருந்து உலர்ந்த துண்டை உருவிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.