மாதா காலில் மெட்டி

செல்போன் அலறியது.

முனியராஜ் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான். மாதா கோவில் கமிட்டிச் செயலாளர்.

"படத்த எறக்கிட்டோம்ப்பா. ஒடனே வா. மொதலாளியும் வந்துருக்காக..."

எதிர்பார்த்ததுதான். 

பைக்கை விரட்டினான்.

ஏழடிப் படம். பலிபீடத்துக்குப் பின்னால் மாட்டியிருந்த 'மாதாவின் மரணம்'. பட்டாசுக் கம்பெனி முதலாளி இசக்கிப்பாண்டியின் காணிக்கை. அவருடைய ஷெட் வெடித்து மூன்று பெண்கள் செத்தார்கள். கேஸிலிருந்து தப்பினால் படம் வைப்பதாக நேர்ந்திருந்தார். பழைய ஐரோப்பிய பரோக் பாணியில் வேண்டுமாம். சுற்றிலும் இருட்டு... ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்!

வரையும் ஆர்டரை முனியராஜுக்கே கொடுத்தார். செத்த மூவரில் ஒருத்தி இசைவாணி, அவன் மனைவி. வாயை அடைக்க வேண்டாமா?

அந்த வெளிச்சத்தில் இப்போது இசைவாணிதான் கிடந்தாள். ஊதிய வயிறு. புழுதிப் பாதம். கால் விரலில் மெட்டி.

கமிட்டி கொதித்தது. மாதாவுக்குப் பட்டாசு மருந்து அடைக்கிறவ முகமா? அழுக்குக் காலா? மெட்டி வேறயா? இதன் முன்னால் எவன் முழந்தாள் போடுவான்?

இசக்கிப்பாண்டி மட்டும் கத்தவில்லை. அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே... அன்னிக்கு அவ காலுல மெட்டி கெடந்தது ஒனக்கு எப்படிலே தெரியும்?"

மெட்டி!

உலோகம் உரசினால் பொறி பறக்கும். அதனால் கம்பெனி கேட்டிலேயே மெட்டியைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். செத்த மற்ற இருவரின் மெட்டிகள் பொட்டலமாக வீடு வந்து சேர்ந்தன. இசைவாணியுடையது வரவில்லை. அப்படியானால் அவள் வேலைக்கு உள்ளே போகவே இல்லை... யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்! லைசென்ஸ் இல்லாத அந்த ஷெட்டைப் பற்றி சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப்போவதாக முந்தின நாள்தான் முதலாளியிடம் சொல்லியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் பிரபாகரனிடம் அப்போதே இதையெல்லாம் அழுதுகொண்டே சொல்லியிருந்தான். அவர் சிரித்தார். விபத்து என்று எழுதியாகிவிட்டதாம்.

"எனக்குத் தெரியாது மொதலாளி. இப்ப நீங்கதான் சொன்னீக."

இசக்கிப்பாண்டியின் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான்.

"போய்ச் சொல்லு. எவன் நம்புறான்னு பாப்போம்."

யாரும் நம்பமாட்டார்கள். அது முனியராஜுக்கும் தெரியும்.

படத்தை லோடு வண்டியில் ஏற்றச் சொன்னார் முதலாளி. தன் தோப்பில், தன் கையாலேயே எரிக்கப் போகிறாராம்.

முனியராஜ் கமிட்டி முன்னாலேயே அவர் காலைப் பிடித்தான்.

"வேணாம் மொதலாளி. எரிச்சிராதீக. சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருங்க, போதும்."

நிஜமாகவே அழுதான். அவர் உதறிவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

செயலாளர் வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் தோப்புப் பக்கம் ஒரு சத்தம்!

பட்டாசு ஊர்க்காரர்கள் காதாலேயே ரகம் சொல்வார்கள். இது மணிமருந்து, நெருப்புப் பட்டதும் வெடிக்கிற ரகம்.

சாயங்காலம் பிரபாகரன் வீட்டுக்கு வந்தார்.

"பின்பலகைக்குள்ள மருந்து வச்சிருக்க. அதான படம் அம்புட்டு கனம்?"

முனியராஜ் மறுக்கவில்லை. படம் சுவரில் சும்மா தொங்கியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்றான். மெழுகுவத்தியைக்கூடப் பக்கத்தில் ஏற்றவேண்டாம் என்று கமிட்டியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தானாம். எரிக்க வேண்டாம் என்று காலில் விழுந்ததையும் எல்லாரும் பார்த்தார்கள்.

"இது கொலை கேஸுலே."

"போடுங்க சார். ஏன் செஞ்சேன்னு கோர்ட்டுல கேப்பாக. மெட்டியிலருந்து ஆரம்பிப்பேன். நீங்க சிரிச்சதையும் சொல்லுவேன்."

பிரபாகரனுக்கு வியர்த்தது.

முனியராஜுக்குச் சந்தோஷமே இல்லை. உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன? இசைவாணி வரப்போவதில்லை.

"என்னன்னுலே எழுதச் சொல்ற?"

"விபத்துன்னு எழுதுங்க சார்... ஒங்களுக்கு அது எழுதிப் பழகுன கைதான!"