இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

இதைச் சரியான வரிசையில்தான் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். வாடை முதலில் வந்ததா, அந்த வரி முதலில் வந்ததா என்பதை அனுபவித்தவளே மாற்றி மாற்றிச் சொன்னாள்.

அன்றும் வழக்கம்போலத்தான் அவள் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு வந்தாள். இடித்துவிட்ட பழைய வார்டின் பதிவேடுகளை எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பாக்கி, டேபிள் என்று அவர்கள் சொல்லும் தரவு அட்டவணையில் ஏற்றுவது அவள் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி. நடுவில் கட்டில் எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி. ஒன்று காலியாக இருந்தாலும் டேபிள் மொத்தக் கோப்பையும் திருப்பி அனுப்பிவிடும்.

நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும். மாடியில் பதினேழாம் கட்டிலில் இருந்த கணவனை அன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலையிலேயே துணிகளை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

பதிவேட்டில் இருநூற்றுப் பதினோரு பேர். அவளும் அத்தனை பேரைத்தான் தட்டச்சு செய்திருந்தாள். கோப்பு திரும்பி வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் பிழை.

அப்படியொரு வரியை அவள் எழுதவே இல்லை. பெயர் இல்லை. பெண். கட்டில் பதினேழு. சேர்ந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. வெளியேறிய தேதி காலி.

அழித்தாள். மறுபடி ஏற்றினாள்.

மறுபடி இருந்தது.

ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஈரத்துணி வாடை எழுந்தது. யாரோ மூச்சை இழுத்து, விடாமல் வைத்திருப்பது போன்ற அமைதி.

"அண்ணே, இந்த வரி போகவே மாட்டேங்குது," என்றாள் மெதுவாக.

பக்கத்து மேசை சீனியர் தலையைத் தூக்கவில்லை. "தேதி இல்லாதவங்களுக்கு இன்னைக்குத் தேதியப் போடு. காரணம் இறப்புன்னு போடு. எப்பவும் அப்படித்தானே செய்யறோம்? இந்தக் கையால ஒரு சுடுகாட்டையே நிரப்பியிருக்கேன்."

"பதினேழாம் கட்டில்ணே. மேலே அவரும்…"

"அது இடிச்ச கட்டடம்மா. இது வேற. போட்டுட்டு வீட்டுக்காரரக் கூட்டிட்டுக் கெளம்பு."

மூன்று நாற்பது. தேதியைத் தட்டினாள். இறப்பு. விரல் தயங்கியது. மாடியில் அவன் காத்திருப்பது நினைவுக்கு வந்தது.

அழுத்தினாள்.

கோப்பு ஒரே தடவையில் ஏறிவிட்டது.

இழுத்து வைத்திருந்த மூச்சை யாரோ அவள் கழுத்தருகே விட்டார்கள்.

மேசைத் தொலைபேசி அடித்தது. வார்டு நர்ஸ். "அக்கா, கொஞ்சம் மேலே வாங்க."

ரிசீவரை வைத்துவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள்.

செருப்பு மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவன், மூன்று நாற்பதுக்கு இறந்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. சீனியர் மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் விசைப்பலகையைத் தொடாத வேலையாகக் கேட்டு வாங்கியிருக்கிறாராம். அவள் அதே மேசையில்தான் இருக்கிறாள்.

டேபிளில் இன்றும் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். அந்தப் பெண் அதில் இல்லை. கடைசி வரியில் ஆண், கட்டில் பதினேழு, வெளியேறிய தேதி காலி. இதை மட்டும் டேபிள் திருப்பி அனுப்பவில்லை.

அவள் அதை அழித்துப் பார்க்கவில்லை. தினமும் காலையில் வந்து, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறாள்.