பின்பக்க மைக்

ஏஸ்தெல் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் திரையில் மைக்குக்கான பச்சைக் கோடு ஒருமுறை துள்ளி அடங்கியது.

“ராஜா, நான் பேசாமயே கோடு ஆடுதுடா.”

“ஆடுதா? அப்ப சவுண்டு டிரைவர் ஏறிடுச்சுக்கா!” செல்போனில் மெக்கானிக் ராஜா சோற்றை மென்றுகொண்டே பேசினான்.

“ஏறி என்ன? சத்தம் வரலியே.”

“பழைய சிஸ்டம் வைரஸ்ல செத்துப்போச்சு. அண்ணன் போட்டுட்டுப் போன லினக்ஸாவது இருக்கேன்னு சந்தோஷப்படுங்க.”

“போட்டவரு கிழிச்சாரு. போட்டுட்டு பிளேன் ஏறிட்டாரு.”

அவள் புருஷன் ஷார்ல் எப்போதும் அப்படித்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பவன். அவன் அம்மா அமேலி படுக்கையில் விழுந்தபோது, கிழவி கூப்பிடுவது மருமகளுக்குக் கேட்கட்டும் என்று கட்டிலருகே ஒரு மைக்கை வைத்து, வயரைக் கதவுக்கடியில் இழுத்துவந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினான். விடுமுறை முடிந்ததும் போய்விட்டான். ராத்திரி பகலாக அந்தக் குரலுக்கு ஓடியவள் ஏஸ்தெல். கிழவி செத்தபோது அடக்கத்துக்குக்கூட அவன் வரவில்லை. “அம்மா ரூம பூட்டி வை” என்றதோடு சரி.

நாளை அவன் படை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறது. முகாமிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேச முடியும். இன்று கூப்பிடுவான். என்னை பிரான்சுக்கு அழைத்துக்கொள், இந்த வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று சொல்லி, ‘சரி’ என்ற ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும்.

“சேனலெல்லாம் மூடியிருக்கும்க்கா. லினக்ஸுல மொதல்ல அப்படித்தான்.”

“எதைடா திறக்கறது?”

“யோசிக்காதீங்க. எல்லாத்தையும் திறந்து உட்டுருங்க. நான் படுக்கறேன்.”

கடையடைத்த மத்தியானம், புதுச்சேரியின் சாரம் பகுதி முழுக்க உறங்கியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலில் இரைச்சல். பிறகு மழை. இவள் தலைக்குமேல் தகரத்தில் தடதடக்கும் மழையல்ல, மூடிய ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழை. அதனடியில் இரும்புக் கட்டில் முனகும் சத்தம், தம்ளர் நகரும் சத்தம், எங்கிருந்தோ டெட்டாலும் தைலமும் கலந்த, அவள் கழுவிக் கழுவித் தீராத அந்த வாடை.

அழைப்பு மணி. ஷார்ல்.

“அலோ? ஏஸ்தெல்?”

“நான்தான். மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. இந்த ஊட்டுல இனிமே...”

“ஒன்னும் கேக்கலியே. அலோ?” அவன் குரல் இறங்கியது. பிறகு, “அம்மா?”

மழை.

“அம்மா, நீயா?”

“நாந்தாம்பா.” ஹெட்செட்டுக்குள் இழுத்து இழுத்து வந்தது குரல்.

“ஏஸ்தெல் எங்கம்மா?”

“இங்கதான் இருக்கா. எங்கயும் வரமாட்டா. எனக்குத் தண்ணி குடுக்க ஆளு வேணாமா?”

“செத்தும் உடமாட்டியா நீ!” ஏஸ்தெல் தொண்டை கிழியக் கத்தினாள். “ஏங்க! நான் வரேங்க! என்னக் கூட்டிக்கிட்டுப் போங்க!”

பச்சைக் கோடு அசையவில்லை.

கிழவி இருமினாள். கோடு துள்ளியது.

“சரிம்மா.” ஷார்ல் அழுதுகொண்டிருந்தான். “சரி. அவ உங்கூடவே இருக்கட்டும்.”

அழைப்பு முடிந்தது.

ஏஸ்தெல் ஹெட்செட்டைச் சுவரில் அடித்தாள். பின்பக்க வயரைப் பிடுங்கினாள். ஆத்திரம் தீராமல் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மைக்கையே வெளியே இழுத்துவிட ஓங்கி இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வயர் விறைத்தது.

அறைக்கதவில் பூட்டு அப்படியே இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

“மெர்சி, மகளே.” கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் தரும்போதெல்லாம் கிழவி பிரெஞ்சில் சொல்லும் அதே நன்றி.

வயர் கதவுக்கடியில் உள்ளே போக ஆரம்பித்தது. மெல்ல. முழம் முழமாக.