தாலி கட்டிய வாழை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். மனிதனை நம்பிய ஒரு வாழைக் கன்னியின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். கெலமங்கலம் சாலையில் கம்பெனி ஆட்களுக்கு விடும் வாடகை வீடு. நைட் ஷிப்ட் முடித்து, சட்டையெல்லாம் பனி ஈரமாக ஆனந்த் உள்ளே நுழைந்தபோது, குளியலறையில் வெந்நீர் ஆவி பறக்கக் காத்திருந்தது. புதுப்பெண்டாட்டி ரேவதி அப்போதுதான் கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தாள்.

"தண்ணி நீங்களே வெச்சுக்கிட்டீங்களா மாமா? என்னை எழுப்பியிருக்கலாம்ல."

அவன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு இப்படித்தான் தினமும் வெந்நீர் காத்திருக்கும். வைத்தவள் கொல்லைப்புறத்து வாழையில் குடியிருந்த கன்னி. பூவம்மாள் என்று அவன்தான் பெயர் வைத்தான். ஈரக் கூந்தலும் பச்சைச் சேலையுமாக வந்து களி கிண்டிப் போட்டு, அவன் சாப்பிடுவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மெஷின் இரைச்சல் காதைவிட்டுப் போகும்வரை தலையைக் கோதிவிடுவாள். மனுஷி இல்லை என்று தெரிந்தேதான் அவள் மடியில் தூங்கினான்.

பிறகு ஊத்தங்கரையிலிருந்து அம்மா ராஜலட்சுமி ஜாதகத்தோடு வந்து இறங்கினாள்.

"உனக்கு முதல் தாரம் நிலைக்காதாம்டா. வாழைக்குத் தாலி கட்டி வெட்டிட்டா தோஷம் அதோட போயிரும். அப்புறம் ரேவதியைக் கட்டிக்க."

எந்த வாழையை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். பூவம்மாள் இருந்தால் ரேவதியோடு வாழ விடமாட்டாள் என்று பயந்து, அவளுடைய வாழையையே காட்டினான். முந்தின நாள் அவளிடம், "நாளைக்கு உனக்குத் தாலி கட்டப்போறேன்" என்று மட்டும் சொன்னான்.

"நெசமாவா?" என்று கேட்டாள் அவள். அன்று இரவு கொல்லை முழுக்கத் தேன் மணத்தது.

முடிச்சு விழுந்தபோது, காற்றே இல்லாமல் இலைகளெல்லாம் அவன் தோளில் வந்து சாய்ந்தன. அவன்தான் அரிவாளை வீசினான்.

இப்போது வெந்நீரைத் தொடாமல், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தான். ஓசூர் போகும் லாரிகளின் உறுமலுக்கு அடியில், கொல்லையிலிருந்து ஈர மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வாழைச்சாற்றின் துவர்ப்பு வாடை தலையணைக்குள்ளிருந்தே வந்தது. மூடிய அறையின் சுவரில் இலை நிழல்கள் மெல்ல ஆடின.

"மாமா, வெட்டின வாழை திரும்பக் குருத்து விட்டு ஆள் உயரம் நிக்குது," என்றாள் ரேவதி சமையலறையிலிருந்து.

"அதுகிட்டப் போகாத."

"ஏன், கடிக்குமா?" சிரித்தாள்.

கடப்பாரையோடு அவன் கொல்லைக்கு ஓடினான். வெட்டுவாயின் நடுவிலிருந்து சுருண்ட குருத்து நின்றது. வெளிறிய பச்சை. மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது.

"ரேவதியை விட்டுடு பூவு," என்றான்.

"அவ எனக்கு என்ன பண்ணா?" காதோரம் குரல். "கட்டினவன் நீ. வெட்டினவன் நீ."

கடப்பாரையை ஓங்கினான். கை இறங்கவில்லை. கால் மண்ணுக்குள் போயிருந்தது. குளிர். குருத்தின் சுருள் விரிந்தது. உள்ளே ஒருவருமில்லை. இடம் காலியாக இருந்தது. அவன் அளவுக்கு.

கத்தினான். குரலுக்குப் பதில் இலைதான் சலசலத்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவனுடைய குரலே கேட்டது. "ரேவதி, பசிக்குது."

"இலை அறுத்துட்டு வரேன் மாமா."

கத்தியோடு வந்தாள். அகலமான இலையைத் தேடிப் பிடித்தாள். அது அவனுடைய வலது கை. அவள் விரல்களின் சூடு தெரிந்தது. இலை நுனியில் நீர் திரண்டு சொட்டியது.

"இன்னும் பனி காயலை போல," என்று முந்தானையால் துடைத்தாள்.

பின்வாசலில் ஆனந்த் நின்றான். அவன் முகம். அவன் கம்பெனிச் சட்டை. பூவம்மாளைப் போலவே கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவசரமில்ல," என்றான். "மெதுவா அறு."

கத்தி பதிந்தது.

உங்கள் வீட்டில் சுடுசோறும் சொன்ன சொல்லும் ஒருநாளும் குறையாதிருக்கட்டும், என் கண்ணுகளா.