முப்பது காட்டிய மீட்டர்

வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷானவாஸ் போனை எடுத்தார்.

“பாய், நேத்து சர்வீஸ் பண்ணிக் குடுத்தீகளே ஆக்சிஜன் மீட்டர், இங்கன கெணத்து மேட்டுல முப்பது காட்டுது. எப்பவும் இருபத்தொண்ணுகிட்டதான நிக்கும்?”

பேசியது கிணறுகளில் சேறு அள்ளும் பால்பாண்டி. இன்று ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணறு.

“அதிகமா காட்டுனா நல்லதுதானப்பா. காத்து கொறஞ்சா அதுவே கத்தும். கத்துனா மேல ஏறிரு.”

இருபது வருஷமாக மீட்டர் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் சொல்கிற பதிலா அது! அத்தரைத் தடவிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்துவிட்டார்.

தலைக்கு மேல் மின்விசிறிகள் கறக் கறக்கென்று சுற்ற, ஒளு செய்து கைகால் கழுவிய ஈரமும் வியர்வையும் அத்தரும் கலந்து மூக்கை அடைக்க, ஹஜ்ரத்தின் பயான் உரை எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஷானவாஸின் காதுக்குள் மட்டும் மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் விடாமல் கேட்டது. நேற்றுக் கடையில் கேட்ட சத்தம். மழை என்றுதான் நினைத்திருந்தார்.

ஆக்சிஜனே இல்லாத நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்து மீட்டருக்குக் காட்டினால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு சிலிண்டரை மூடிவிட்டு, மீட்டரைத் தெருவுக்குக் கொண்டுபோய், நல்ல காற்றில் வைத்துப் பட்டனை அமுக்க வேண்டும். எந்தக் காற்றில் அமுக்குகிறோமோ, அதைத்தான் அது நல்ல காற்று என்று நம்பும். நேற்றுச் சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டு, மேஜையிலேயே வைத்து அமுக்கினார். சிலிண்டர் டியூப் பக்கத்திலேயே கிடந்தது. அப்போது தலை விண்விண்ணென்று வலித்தது.

சிலிண்டரை மூடவில்லை. கடைக்குள் நைட்ரஜன் கலந்து கெட்ட காற்றைத்தான் மீட்டர் நல்ல காற்று என்று நம்பியிருக்கிறது.

ஆள் மயங்கிச் சரிகிற காற்றிலும் அந்த மீட்டர் கத்தாது.

பயான் முடியுமுன் எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி ஓடினார். போன் அடித்தார். மணி போனது. எடுக்கவில்லை. சின்னமனூர் தாண்டும்வரை அடித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். யா அல்லாஹ், அவன் இன்னும் இறங்கியிருக்கக் கூடாது. பீடி குடித்துக்கொண்டிருக்கட்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.

திராட்சைப் பந்தலுக்குள் இருட்டு. மருந்து அடித்த வாசனை. குனிந்து ஓடினார். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

கிணற்று மேட்டில் தோட்டக்காரர் ஞானதுரை நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பாய். இப்பத்தான் பேசுனான். காத்து நல்லா இருக்காம்.”

ஷானவாஸ் எட்டிப் பார்த்தார்.

நாற்பதடி கீழே, முழங்கால் ஆழத் தண்ணீரில் பால்பாண்டி குப்புறக் கிடந்தான். முகம் முழுக்கத் தண்ணீருக்குள். இடுப்பில் மீட்டர். பச்சை விளக்கு. தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

“பால்பாண்டீ!”

“என்ன பாய்?” கீழேயிருந்து தெளிவாக வந்தது அவன் குரல். “சேறுதான் ஜாஸ்தியா கெடக்கு. ஒரு கை பிடிக்க ஆள் வேணும்.”

தண்ணீர் அசையவில்லை. தலை அசையவில்லை.

“இந்தா வர்றேன்லே,” என்றார் ஞானதுரை, கீழே எட்டிப் பார்க்காமலே. வேட்டியை மடித்துக் கட்டியாகிவிட்டது. கால் மூன்றாவது படியில்.

ஷானவாஸ் அவர் தோளைப் பற்றினார். இறங்காதீக என்று கத்த வாயைத் திறந்தார்.

“நானும் வர்றேன்,” என்றது கிணற்றுக்குள்ளிருந்து ஷானவாஸின் சொந்தக் குரல். “நீங்க முன்னால போங்க.”

ஞானதுரை சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார்.