பகேரியாவுக்குப் போன வியாழக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை காலை. எமிலியானா ஓய்வுநாள் விருந்துக்கான ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கணவனின் அக்கா செலஸ்ரீனா, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"நேற்று பகேரியாவில மாதா கோயில் வளவுக்குள்ளயிருந்து நீ வந்ததை என்ரை கண்ணாலை கண்டனான். பழைய வேதத்துக்குத் திரும்பிட்டியோ?"

எமிலியானா மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தாள்.

பகேரியாவிலிருந்து சிறிது ரயில் தூரத்தில், இவர்கள் வாழும் பலெர்மோ நகரில் யூதக் குடும்பங்கள் மிகச் சில. அவற்றுக்குத் தலைவர் அவள் கணவர் ஜோக்கிம். கத்தோலிக்கப் பெண்ணான எமிலியானா, அவருக்காக மதம் மாறி, பிறந்த வீட்டை விட்டு வந்தவள். பண்டிகைக்கு எல்லோருக்கும் சமைப்பவளும், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பவளும் அவள்தான். ஆனாலும் செலஸ்ரீனாவுக்கு அவள் இன்னும் வெளியாள்.

வீட்டு வேலைக்கு வரும் யாழ்ப்பாணத்துச் சந்திரமதிக்கும் எமிலியானா வாராவாரம் வெளியே போய்வரும் வியாழக்கிழமைகள் புதிராகவே இருந்தன. வீட்டுக்கார சின்யோரா சூப் போத்தலோடு போவாள், கண் சிவந்து திரும்புவாள். எங்கேயாவது ஒளித்து வைத்த ஒரு பிள்ளை இருக்குமோ... கேட்க வாய் வரவில்லை.

ஜோக்கிம் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா சொல்லுறது உண்மையோ, எமிலியானா?"

"ஓம், போனனான். அந்த வளவுக்குள்ள ஒரு முதியோர் இல்லம் இருக்கு. அங்கை அப்பா படுக்கையில கிடக்கிறார்."

மூலையில் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சந்திரமதி அதை மெல்லக் கீழே வைத்தாள்.

யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்த காலத்தில் எமிலியானாவின் தந்தை ஒரு பள்ளி அதிபர். அங்கே ஆசிரியராயிருந்த ஜோக்கிமின் தந்தையை மாணவர்கள் முன்னால் வெளியே அனுப்பியவர். அந்த ஆசிரியர் அதன்பின் வகுப்பறைப் பக்கமே போகாமல் இறந்துபோனார். 'அந்த மனுசன்ரை பேரை இந்த வீட்டில சொல்லாதை' என்பதுதான் கலியாணத்தன்று ஜோக்கிம் அவளிடம் கேட்ட ஒரே வாக்கு.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்கடை அப்பான்ரை முகம் உங்களுக்கு ஞாபகம் வரும்... அந்த நோவைத் தர எனக்கு மனமில்லை. என்ரை அப்பா செய்தது பாவம்தான். ஆனால் அவருக்கு ஒரு கரண்டி சூப் பருக்க வேறை ஆருமில்லை."

ஜோக்கிம் வெளியே போய்விட்டார். செலஸ்ரீனா கதிரையில் அமர்ந்தாள். வெளியேற்றப்பட்டவர் அவளுக்கும் தந்தைதானே. பிறகு எழுந்து மேலங்கியைக் கழற்றினாள்.

"மா காயுது. விடு, நான் பிசையிறன். நீ போய் முகத்தைக் கழுவு."

அடுத்த வியாழன், தூக்கிப் படுக்கவைக்க உதவிக்கென்று எமிலியானா சந்திரமதியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். ரயிலடியில் ஜோக்கிம் நின்றார். அவரும் அவர்களோடு ரயிலில் ஏறினார்.

இல்லத்தில் அவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். கிழவர் அவரையே பார்த்தார்.

"இது ஆர்?"

எமிலியானா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எமிலியானான்ரை மனுசன்," என்றார் ஜோக்கிம். படுக்கை விரிப்பை மாற்றப் பெண்கள் இருவரும் கிழவரைத் தூக்கியபோது, ஜோக்கிம் உள்ளே வந்து கால் பக்கத்தைப் பிடித்தார்.

திரும்பும் ரயிலுக்குக் காத்திருக்கையில் சொன்னார்: "நான் அந்த மனுசனை மன்னிக்கேல்லை."

"தெரியும்."

"ஆனால் இனி நீ தனிய வரவேண்டாம்."

இத்தனை வருடமும் யார் முன்னாலும் அழாத எமிலியானா, அவர் தோளில் முகம் புதைத்து விம்மினாள். சந்திரமதி தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.